நெடுந்தூரம் சுட முதல் ரைஃபிள்: எந்த காலிபர் எடுப்பது?

புதுஇலக்கு

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக கிளப்பின் .22-ஐ வைத்து 50 மீட்டரில் அட்டை சுட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கிளப்பில் ஒருவர் என்னைப் பெரிய தளத்துக்குக் கூட்டிப்போய், தன் ரைஃபிளில் 600 மீட்டர் தள்ளி இருந்த எஃகுத் தட்டை ஐந்து குண்டு சுட விட்டார். நான்காவது பட்டது. விசையை அழுத்தி, பின்னுதை அடங்கி, ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறதே என்று நினைக்கும்போது, இரண்டரை விநாடி கழித்து 'டங்' என்று ஒரு சத்தம் மெதுவாக வந்து சேர்ந்தது. அது இன்னும் காதில் இருக்கிறது.

உரிமம், பூட்டி வைக்கும் பெட்டி எல்லாம் தயார். சொந்தமாக ஒரு ரைஃபிள் எடுக்க வேண்டும். ஆசை 1000 மீட்டர். வாராவாரம் போகக்கூடிய சுடுதளம் 300 மீட்டர் வரை, 900 மீட்டர் உள்ள தளத்துக்கு மாதம் ஒருமுறை போகலாம். என் யோசனை .300 வின்செஸ்டர் மேக்னம். பெரிய குண்டு, வேகமும் அதிகம், காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர் நேராக .338 லாபுவாவுக்கே போ, பிறகு மாற்ற வேண்டியிருக்காது என்கிறார். வேட்டையாடும் எண்ணம் இல்லை, அட்டையும் தட்டும் மட்டும்தான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

காற்றுக்கொடி

வாருங்கள் தம்பி. முதலில் நான் ஒன்று கேட்கிறேன்: வருடத்துக்கு எத்தனை தோட்டா சுடுவீர்கள்? காலிபர் பேச்சு எல்லாம் இதற்கு அப்புறம்தான். 200 என்றால் எந்த காலிபர் வாங்கினாலும் 1000 மீட்டர் வராது. 2000 என்றால் .300 மேக்னத்தின் குழல் ஒரே வருடத்தில் தன் நல்ல காலத்தை முடித்துவிடும், உங்கள் தோள் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். நானும் .300 மேக்னத்தில்தான் ஆரம்பித்தேன், காரணமும் நீங்கள் சொன்ன அதே காரணம். ஒரு பருவம் முழுக்கச் சுட்டேன். 100 மீட்டரிலேயே என் குரூப், அதாவது குண்டுகள் விழும் கூட்டம், கீழே இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஸ்கோப்பைக் குறை சொன்னேன், தோட்டாவை மாற்றினேன், திருகாணிகளை எல்லாம் மறுபடி முறுக்கினேன். கடைசியில் தளத்தில் ஒரு பெரியவர் ரைஃபிளை என் கையிலிருந்து வாங்கி, நான் பார்க்காதபடி மேகசினில் மருந்து இல்லாத டம்மி தோட்டா ஒன்றை நடுவில் சேர்த்துக் கொடுத்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது 'டிக்' என்றது, அவ்வளவுதான். அந்த 'டிக்'கின்போது குறுக்குக்கோடு அட்டையை விட்டே கீழே குதித்ததை நானே பார்த்தேன். கண்ணை மூடியிருந்தேன், தோளை முன்னால் தள்ளியிருந்தேன், இரண்டும் எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தன. அடி வருவதற்கு முன்பே உடம்பு அடியை எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அதை மறக்கவைக்க .22-இல் ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

.338-ஐப் பற்றி ஒரே வரி: அது 1500 மீட்டரில் வேலை செய்யப் பிறந்தது. 300 மீட்டர் தளத்தில் அதற்கு வேலை இல்லை, பல தளங்களில் அனுமதியும் இல்லை.

மெதுவிசை

காற்றுக்கொடி அண்ணன் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். என் பரிந்துரை .308 வின்செஸ்டர். 1952-இல் வந்த தோட்டா, அதைப் பற்றித் தெரியாதது என்று இப்போது ஒன்றும் பாக்கி இல்லை. போட்டிக்குத் தகுந்த தோட்டா எங்கும் கிடைக்கும், பித்தளை உறைகள் பல தடவை மறுபடி நிரப்பத் தாங்கும், குழல் 5000 குண்டு அளவுக்கு நல்ல துல்லியத்தோடு உழைக்கும். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியில் எஃப்-டிஆர் பிரிவில் .308, .223 இரண்டுக்கு மட்டும்தான் இடம். பால்மா என்ற பழைய நெடுந்தூரப் போட்டியிலும் 800, 900, 1000 கஜத்தில் .308-ஐத்தான் சுடுகிறார்கள், அதுவும் ஸ்கோப் இல்லாமல். 1000 கஜத்துக்கு .308 பத்தாது என்று யாராவது சொன்னால் அவர்களை பால்மா பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். .308-இல் பெயர் பெற்ற 168 கிரெயின் (குண்டின் எடை அளவு) மேட்ச்கிங் குண்டு 600 மீட்டர் வரை அருமையாகப் போகும். அதற்கு அப்பால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தள்ளாட ஆரம்பித்துவிடும், அதன் பின்பக்கச் சரிவின் கோணம் அப்படி. 1000 கஜம் போக வேண்டும் என்றால் 175 கிரெயின் எடுங்கள். இது தெரியாமல் 168-ஐ வைத்துக்கொண்டு 900 மீட்டரில் தட்டைத் தேடினால், பழி ரைஃபிள் மேல் விழும்.

பத்துவளையம்

மெதுவிசை சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு .308-ஐக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. 6.5 கிரீட்மோர் எடுங்கள்.

காரணம் காற்று. 6.5-இன் 140 கிரெயின் இஎல்டி மேட்ச் குண்டுக்கு ஜி1 என்ற பொது அளவுகோலில் பிசி 0.646. பிசி என்பது குண்டு காற்றைக் கிழித்துப் போகும் திறன், எண் கூடினால் நல்லது. .308-இன் 175 கிரெயின் மேட்ச்கிங்குக்கு ஏறக்குறைய 0.505. எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது, தளத்தில் படுத்துப் பார்த்தால் தெரியும். விநாடிக்கு 4.5 மீட்டர் காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால் 900 மீட்டரில் .308 குண்டு ஏறக்குறைய 2.4 மீட்டர் தள்ளிப் போகும், 6.5 சுமார் 1.7 மீட்டர்தான். அதாவது காற்றை நீங்கள் தவறாகக் கணித்தாலும் அந்தத் தவறு அட்டையில் சிறியதாக விழும். இதோடு பின்னுதையும் குறைவு. ஒலிவேகத்துக்குக் கீழே இறங்காமல் 1100 மீட்டரைத் தாண்டும், .308-இன் 175 அங்கே 900 வாக்கிலேயே அந்த எல்லைக்கு வந்துவிடும்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கிரீட்மோர் என்பது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1873-இல் திறந்த பழைய சுடுதளம், முதல் பால்மா போட்டி 1876-இல் நடந்ததும் அங்கேதான். 2007-இல் தோட்டா தயாரிக்கும் ஹார்னடி நிறுவனம் இந்தத் தோட்டாவைக் கொண்டு வந்தபோது அந்தப் பெயரை வைத்தார்கள். போட்டியில் சுடுகிறவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதன்படி உருவான தோட்டா. கடையில் வாங்கும் பெட்டித் தோட்டாவே நன்றாகச் சுட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். வீட்டில் மறுநிரப்பும் வசதி இல்லாத புதியவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மெதுவிசை

பிசி கணக்கு சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சலுகையைத்தான் முதல் வருடத்தில் கொடுக்கக் கூடாது என்கிறேன். .308 தவறை மன்னிக்காது, அதனால் காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும். குழலையும் பாருங்கள். 6.5 கிரீட்மோருக்கு 2000-இலிருந்து 3000 வரைதான் நல்ல ஆயுள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், .308-இல் பாதி.

பத்துவளையம்

அண்ணா, தவறை மன்னிக்காத ரைஃபிளில் கற்கிறவர்களில் எத்தனை பேர் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். தட்டில் சத்தம் கேட்டால்தான் அடுத்த வாரமும் வரத் தோன்றும். குழல் 2500 குண்டில் தேய்ந்துபோகும் நிலைக்கு அவர் வந்துவிட்டால், அதற்குள் நெடுந்தூரம் சுடத் தெரிந்திருக்கும். அப்போது புதுக் குழல் போடுவது சந்தோஷமான வேலை.

கானல்நீர்

இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அவர் வாராவாரம் போகும் தளம் 300 மீட்டர். மாதத்தில் மூன்று வாரம் அங்கேதான் இருக்கப் போகிறார். அங்கே 6.5-க்கும் .308-க்கும் என்ன வித்தியாசம்?

என் ஓட்டு .223 ரெமிங்டன். சின்னத் தோட்டா என்று நினைக்காதீர்கள். 75 அல்லது 77 கிரெயின் மேட்ச் குண்டு போட்டால் 600 மீட்டர் வரை ஒழுங்காகப் போகும், காற்று அதைத் தள்ளும் அளவு .308-ஐ விட ரொம்ப மோசம் இல்லை. பின்னுதை இல்லை என்றே சொல்லலாம். அதனால் சுட்ட பிறகும் ஸ்கோப்புக்குள் தட்டு கண்ணை விட்டு விலகாது, உங்கள் குண்டு எங்கே மண்ணைக் கிளப்பியது என்று நீங்களே பார்க்கலாம். நெடுந்தூரத்தில் கற்றுக்கொள்வதே இந்தப் பார்வையில்தான். பக்கத்தில் இருப்பவர் "இடது பக்கம் அரை மில்" (மில் என்பது ஸ்கோப்பில் திருப்பும் கோண அளவு) என்று சொல்லிக் கேட்பது வேறு, அந்தப் புழுதியை நாமே பார்ப்பது வேறு. ஒரு நாளைக்கு 80 குண்டு சுட்டாலும் தோள் வலிக்காது.

.223 எடுத்தால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது குழலுக்குள் இருக்கும் மரையின் முறுக்கு. பழைய மாதிரிகள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 77 கிரெயின் குண்டு நிலைக்காது, அட்டையில் சாவித்துவாரம் மாதிரி சாய்ந்து விழும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது 7 இருப்பதைப் பாருங்கள். எடை கூடிய நீளமான குண்டு நேராகப் போக வேகமான சுழற்சி வேண்டும், விஷயம் அவ்வளவுதான். 6.5-க்கும் 8-தான் வழக்கம். .308-க்கு 10 அல்லது 11 இருந்தால் 175-க்குத் தாராளம்.

குறிப்பேடு

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். புதுஇலக்கு ஏற்கெனவே .22 சுடுகிறார், ஆனால் 50 மீட்டரில். அதே .22-ஐ 200 மீட்டருக்குக் கொண்டு போங்கள், அது வேறு விளையாட்டு.

சாதாரண .22 தோட்டா விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும், ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. 50 மீட்டரில் ஜீரோ வைத்தால், அதாவது குறிவைத்த இடத்திலேயே விழும்படி ஸ்கோப்பை அமைத்தால், 200 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கீழே விழும். எட்டு மில் திருப்ப வேண்டும். பக்கக் காற்று 4.5 மீட்டர் என்றால் ஒரு முழம் தள்ளிப் போகும். இதே மில் அளவுக்கு .308-ஐக் காற்று தள்ள வேண்டும் என்றால் நீங்கள் 750 மீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதாவது உங்கள் 300 மீட்டர் தளத்திலேயே, வாராவாரம், 750 மீட்டரின் காற்றுப் பாடத்தைப் படிக்கலாம். குழல் தேயும் கவலை இல்லை, காதுக்கும் தோளுக்கும் சிரமம் இல்லை.

அதனால் என் பதில் இரண்டு ரைஃபிள்: முதலில் ஒரு நல்ல .22, சிஇசட் 457 மாதிரி, பெரிய ரைஃபிளின் அளவும் எடையும் வரும்படி. ஸ்கோப்பை மட்டும் இப்போதே நெடுந்தூரத்துக்கு ஏற்றதாக வாங்கிவிடுங்கள், பிறகு பெரிய ரைஃபிளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்த ஸ்கோப்பின் பாராலாக்ஸ் (தூரத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிசெய்யும் அமைப்பு) 25 மீட்டர் வரைக்காவது கீழே இறங்க வேண்டும். பெரிய ஸ்கோப்புகள் சில 50-க்குக் கீழே வராது, .22-இல் படம் மங்கலாகத் தெரியும்.

புதுஇலக்கு

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. காற்றுக்கொடி அண்ணன் சொன்ன டம்மி தோட்டா சோதனையை நேற்று கிளப் ரைஃபிளில் செய்து பார்த்தேன். .22-இல் ஒன்றும் அசையவில்லை. அங்கேயே ஒருவரின் .308-இல் செய்தபோது குறுக்குக்கோடு கீழே குதித்தது. .300 யோசனையை விட்டுவிட்டேன்.

6.5 பக்கம் மனம் சாய்கிறது. இப்போது கேள்வி: ரைஃபிளில் என்ன பார்ப்பது? ஸ்கோப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது? மில்லா, எம்ஓஏவா?

கானல்நீர்

ரைஃபிளுக்கும் ஸ்கோப்புக்கும் சமமாகப் பிரியுங்கள். ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ரைஃபிளில் குறையுங்கள். இன்று நல்ல பெயர் உள்ள எந்த ரைஃபிளும் உங்களைவிட நன்றாகச் சுடும், மட்டமான ஸ்கோப் மட்டும் உங்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து மில் மேலே திருப்பி மறுபடி கீழே கொண்டு வந்தால் அது பழைய இடத்துக்கே வர வேண்டும். வாங்கிய அன்றே இதைச் சோதியுங்கள்: 100 மீட்டரில் உயரமான அட்டை, தூக்குநூல் கட்டி வரைந்த நேர்கோடு, கோட்டின் அடியில் குறிவைத்து இரண்டு குண்டு, ஐந்து மில் ஏற்றி அதே இடத்தில் குறிவைத்து இரண்டு, மறுபடி இறக்கி இரண்டு. நடுவில் உள்ள இரண்டும் மற்றவைக்கு மேலே சரியாக 50 சென்டிமீட்டரில், அதே கோட்டின் மேல் விழ வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் ஸ்கோப் ரைஃபிளில் நேராக உட்காரவில்லை.

மில்லா எம்ஓஏவா என்பதில் பெரிய பேச்சு வேண்டாம். மீட்டரில் யோசிப்பவருக்கு மில் சுலபம்: 100 மீட்டரில் ஒரு மில் 10 சென்டிமீட்டர், ஒரு கிளிக் ஒரு சென்டிமீட்டர். எம்ஓஏ என்றால் 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். எது எடுத்தாலும் உள்ளே தெரியும் கோடுகளும் மேலே திருப்பும் டர்ரெட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். கோடு மில்லிலும் டர்ரெட் எம்ஓஏவிலும் இருக்கும் ஸ்கோப்புகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன, தொடாதீர்கள். உங்கள் தளத்தில் பக்கத்தில் படுப்பவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள், பேசிக்கொள்ள ஒரே மொழி இருந்தால் நல்லது. முதல் குவியத்தளத்தில் கோடுகள் உள்ள ஸ்கோப்பாக எடுங்கள், பெருக்கத்தை எங்கே வைத்தாலும் கோடுகளின் அளவு சரியாக இருக்கும். பெருக்கத்தைப் பற்றி ஆசைப்பட வேண்டாம், 5-25 தாராளம். வெயிலில் கானல் கிளம்பினால் 25-இல் எதுவும் தெரியாது, நான் பெரும்பாலும் 14-இல்தான் சுடுகிறேன்.

இன்னொன்று, ஸ்கோப்பின் அடியில் 20 எம்ஓஏ சாய்வுள்ள ரெயில் போடுங்கள். அது ஏறக்குறைய 5.8 மில் மேல்திருப்பை இலவசமாகத் தரும். 6.5-க்கு 900 மீட்டரில் ஒன்பது மில் அளவு வேண்டும், .308-க்கு பத்துக்கும் மேல்.

பத்துவளையம்

ரைஃபிள் பற்றி. டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500, பெர்காரா பி-14 எச்எம்ஆர், ரூகர் பிரிசிஷன் ரைஃபிள், இந்த நான்கில் எது கைக்கு வந்தாலும் வருத்தப்பட மாட்டீர்கள். டிக்காவின் போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும், விசை வாங்கும்போதே நன்றாக இருக்கும். பெர்காராவின் அடித்தளம் ரெமிங்டன் 700-இன் அளவில் இருப்பதால் பிறகு ஸ்டாக் (ரைஃபிளின் கட்டை), விசை எல்லாம் மாற்ற ஏராளமாகக் கிடைக்கும். எச்எம்ஆரில் கன்னம் பதியும் இடத்தை ஏற்றி இறக்கவும் முடியும்.

பெயரைவிட முக்கியம் இதுதான்: குப்புறப் படுத்து, கண்ணை மூடி, கன்னத்தை ஸ்டாக்கில் வைத்து, கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கழுத்தைத் தூக்கியோ முன்னால் நீட்டியோ தேட வேண்டியிருந்தால் அந்த ஸ்டாக் உங்களுக்குப் பொருந்தவில்லை. எடை ஸ்கோப்போடு ஐந்திலிருந்து ஆறரை கிலோவுக்குள் இருக்கட்டும். மலையேற வேண்டியது இல்லை, எடை நல்லது. வேட்டைக்கான மெல்லிய குழல் வேண்டாம், ஐந்தாவது குண்டிலேயே சூடாகி இடம் மாறும்.

மெதுவிசை

6.5 என்று முடிவு செய்துவிட்டால் நான் தடுக்க மாட்டேன், நல்ல தோட்டாதான். ஸ்கோப் வளையங்களின் திருகாணியை மட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். வளையத்தின் மேல்மூடிக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் அளவுதான், தயாரிப்பாளர் கொடுத்த தாளைப் பாருங்கள். கைப்பலத்தில் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், தளர்வாக விட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மயிரிழை நகரும். ஒரு போட்டியில் காலை முழுக்க என் ஜீரோ அலைந்துகொண்டே இருந்தது. காற்றைத் திட்டினேன், தோட்டாவைத் திட்டினேன். மதியம் பார்த்தால் முன் வளையத்தின் திருகாணி ஒன்று விரலாலேயே சுழன்றது.

தோட்டா வாங்கும்போது ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்குங்கள். முதலில் மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, ரைஃபிளுக்குப் பிடித்ததை எடுங்கள். மூன்று குண்டு குரூப்பை நம்பாதீர்கள், எல்லா ரைஃபிளும் என்றாவது ஒரு நாள் மூன்றை ஒரே துளையில் போடும். பத்து சுடுங்கள். வேகத்தை அளக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி அளந்து பாருங்கள். 100 மீட்டரில் விநாடிக்கு பத்து மீட்டர் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, 900 மீட்டரில் அதுவே ஒரு சாண் மேலும் கீழும் ஆகிவிடும்.

காற்றுக்கொடி

தம்பி, எல்லாம் வாங்கிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். 900 மீட்டருக்கு ஓடாதீர்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (தனியாக நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) எடுத்துக்கொண்டு தளத்தில் உட்கார்ந்து, சுடாமல், அரை மணி நேரம் கானலை மட்டும் பாருங்கள். முதலில் தட்டில் குவியம் வைத்து, அப்புறம் கொஞ்சம் முன்னால் இழுங்கள், மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு. அப்போது காற்று ஓடுவது தெரியும், ஓடையின் அடியில் கூழாங்கல்லைப் பார்ப்பது மாதிரி. லேசான காற்றில் அலை அலையாகச் சாய்ந்து ஓடும். வேகம் ஏற ஏற அலை தட்டையாகும், அப்புறம் கோடாகி மறைந்துவிடும். நேராக மேலே கொதிப்பது போல் எழுந்தால் காற்று நின்றுவிட்டது, அல்லது உங்களை நோக்கியோ உங்கள் பின்னாலிருந்தோ வருகிறது. அந்தக் கொதிப்பில் சுடாதீர்கள். அது பக்கம் மாறும் நேரம், அடுத்த நொடி எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காற்று குறுக்காக வந்தால் முழுக் கணக்கு. 45 பாகையில் சாய்ந்து வந்தால் பாதி என்று பலர் நினைக்கிறார்கள், அது ஏறக்குறைய 70 சதவீதம். பாதி வருவது 30 பாகையில்தான். இந்த ஒரு தவறிலேயே எத்தனை தட்டு தப்பியிருக்கிறது என்று எண்ணினால் மாளாது.

குறிப்பேடு

அண்ணன் சொன்னதைக் கையால் எழுதுங்கள். எவ்வளவு திருப்ப வேண்டும் என்று போன் செயலி கணக்குப் போடும், ஆனால் நீங்கள் காற்றை எவ்வளவு என்று நினைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வரி: சுடுவதற்கு முன் கணித்த காற்று, காற்றுக்காகக் குறியை விலக்கிப் பிடித்த மில், விழுந்த இடம். சுட்ட பிறகு கணிப்பைத் திருத்தி எழுதக் கூடாது, அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். போல்ட் திறந்து வைத்துவிட்டு எழுதுங்கள், குழலின் தோட்டா அறையில் அது காலி என்று காட்டும் கொடியைச் செருகிவிட்டு. காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு, உள்ளே பஞ்சடைப்பானும் வெளியே மூடியும், பக்கத்தில் யாராவது மஸில் பிரேக் (பின்னுதையைக் குறைத்து சத்தத்தைக் கூட்டும் குழல்முனைக் கருவி) போட்டிருந்தால் கண்டிப்பாக.

புதுஇலக்கு

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டிக்கா டி3எக்ஸ், 6.5 கிரீட்மோர், எடை கூடிய குழல் எடுத்தேன். ஸ்கோப் மில்லில். கிளப்பின் .22-ஐயும் விடவில்லை, மூன்று வாரம் அதில் 200 மீட்டர், ஒரு வாரம் பெரியது.

போன வாரம் என் ரைஃபிளோடு முதல் தடவையாகப் பெரிய தளத்துக்குப் போனேன். 900 பக்கம் போகவில்லை, 600-இலேயே நின்றேன். 40 சென்டிமீட்டர் தட்டு. செயலி 4.6 மில் என்றது, 4.7 போட்டதும் உயரம் சரியாகிவிட்டது. காற்று இடது பக்கத்திலிருந்து 3 மீட்டர் என்று கணித்து 0.8 மில் இடது பக்கம் பிடித்தேன். பத்தில் ஏழு பட்டது. தப்பிய மூன்றும் தட்டின் இடது பக்கம், உயரம் மூன்றிலும் சரி. புழுதியை நானே பார்த்தேன். விசையில் ஏதாவது தவறு செய்கிறேனா?

காற்றுக்கொடி

மூன்றும் ஒரே உயரத்தில் என்றால் உங்கள் விசையும் நன்றாக இருக்கிறது, தோட்டாவும் நன்றாக இருக்கிறது. நீங்கள் 3 மீட்டருக்குப் பிடித்தீர்கள், அந்த மூன்று தடவையும் காற்று ஒன்றரைக்கு இறங்கியிருக்கிறது. 0.4 மில் மிச்சம், 600 மீட்டரில் 24 சென்டிமீட்டர். தட்டின் பாதி அகலம் 20. கணக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். குறிப்பேட்டை எடுத்து அந்த மூன்று வரியையும் படியுங்கள், சுடுவதற்கு முன் கொடி என்ன செய்தது என்று எழுதியிருக்கிறீர்களா?

புதுஇலக்கு

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அண்ணா. மூன்றில் இரண்டுக்கு "கொடி தொங்குகிறது, காத்திருக்கவில்லை" என்று நானே எழுதியிருக்கிறேன். மூன்றாவதுக்கு ஒன்றும் எழுதவில்லை. அடுத்த மாதமும் 600-தான். தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கொடியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், 200-இல் இருப்பதையும் 400-இல் இருப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.